பாலர் மனதில் அச்சம் நீங்க
(சண்டித்தனத்தை இனங்காணவும் எதிர்கொள்ளவும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்)

மக்கட் செல்வமே செல்வங்களுட் சிறந்தது என்பது ஆன்றோர் கருத்து. அச்செல்வத்தைக் காப்பதற்குப் பெற்றோர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. காய்ச்சல் என்றால் இரவிரவாக வைத்தியசாலைக்கு ஓடுகின்றனர். பாம்பு பூச்சிக்குப் பயந்து வளவைத் துப்புரவாக்குகின்றனர். வீதியில் வாகனம் வருமே என்று படலையடியில் நின்று பிள்ளை மறையும்வரை பார்க்கின்றனர். ஆனால் பாடசாலை வளவினுள்ளே, சக பிள்ளைகளாலேயே நேரும் ஒரு காயம் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்காயத்தில் இரத்தம் வராது. ஆனால் அது ஆறவும் நெடுங்காலம் எடுக்கும்.

மூன்றாந் தரத்திற் படிக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். திங்கட்கிழமை காலையில் “அம்மா, வயிறு நோகுது” என்கிறது. தாய் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து அனுப்புகிறாள். செவ்வாயும் அதே வயிற்றுவலி. புதிதாக வாங்கிக் கொடுத்த பென்சில் வாரத்தில் மூன்று முறை தொலைகிறது. சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வருகிறது, பிள்ளையோ பசியோடு வருகிறது. சனி, ஞாயிறு தினங்களில் மட்டும் வயிற்றுவலி வருவதேயில்லை. வைத்தியருக்கும் பிடிபடாத இந்த நோய்க்குக் காரணம் வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பெரிய பையன்கள் இருவர் என்பது, யாராவது பொறுமையாகக் கேட்டாலன்றித் தெரியவராது.

சண்டித்தனம் என்பது எது?

பகிடிவதை என்றதும் பலருக்குப் பல்கலைக்கழகமே நினைவுக்கு வருகிறது. 1997 ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையினால் உயிரிழந்தமை நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டு, கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் வலியவர் மெலியவரை வருத்தி மகிழும் பழக்கம் இருபது வயதில் திடீரெனத் தோன்றுவதன்று. அதன் விதை ஆரம்ப வகுப்புகளிலேயே விழுந்துவிடக் கூடும். ஊர்வழக்கில் இதனைச் ‘சண்டித்தனம்’, ‘சேட்டை’ என்பர்.

பிள்ளைகளின் எல்லாச் சச்சரவும் சண்டித்தனம் ஆகிவிடாது. நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் பணியாற்றிய உளவியல் அறிஞர் டான் ஓல்வெயஸ் இதனை நீண்டகாலம் ஆராய்ந்து மூன்று அடையாளங்களை எடுத்துக் காட்டினார். வேண்டுமென்றே வருத்துதல் ஒன்று. மீண்டும் மீண்டும் செய்தல் மற்றொன்று. வருத்துபவருக்கும் வருந்துபவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல் மூன்றாவது. வலிமை என்பது உடற்பலம் மட்டுமன்று. வயது, ஆட்பலம், வசதி, பேச்சுத்திறன் யாவும் வலிமையே. சம வயதுப் பிள்ளைகள் இருவர் பந்துக்காக ஒருநாள் அடிபட்டு, மறுநாள் தோளிற் கைபோட்டுத் திரிந்தால் அது வெறும் சண்டை. ஒரு பிள்ளையின் பந்தை நால்வர் சேர்ந்து நாள்தோறும் பறித்தால் அது சண்டித்தனம்.

அடித்தல், தள்ளுதல், பொருளைப் பறித்தல் என்பன கண்ணுக்குத் தெரியும் வகை. பட்டப்பெயர் சொல்லல், குறையைச் சுட்டி நையாண்டி செய்தல் என்பன காதுக்குத் தெரியும் வகை. விளையாட்டிற் சேர்க்காது ஒதுக்குதல், “அவளோட ஒருத்தரும் கதைக்கக் கூடாது” என்று கட்டளையிடுதல் என்பன கண்ணுக்கும் காதுக்கும் எளிதில் எட்டாத வகை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாக் காலத்து வகுப்புகளுக்காகத் தொலைபேசி சிறுவர் கைக்கும் வந்தது. ஒருவரைப் படம் எடுத்துப் பகிர்ந்து சிரிப்பதும் இன்று இவற்றோடு சேர்ந்துள்ளது.

இது ஓர் ஊரின் குறையன்று. உலகெங்கும் பாடசாலை மாணவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஒரு மாத காலத்துள் சக மாணவரால் இவ்வாறு துன்புறுத்தப்பட்டுள்ளனர் என்று 2019 இல் யுனெஸ்கோ அறிக்கை தெரிவித்தது. 2020 முதல் நவம்பர் மாத முதல் வியாழக்கிழமை பாடசாலை வன்முறைக்கும் சண்டித்தனத்துக்கும் எதிரான சர்வதேச தினமாக அனுட்டிக்கப்படுகிறது.

வன்னி மண்ணின் பிள்ளைகள்

வன்னியில் இவ்விடயம் கூடுதல் கவனத்துக்குரியது. 2009 ஆம் ஆண்டில் இம்மண்ணின் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டது. தறப்பாள் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் படித்த அன்றைய சிறுவர்கள் இன்று தாய் தந்தையராகவும் ஆசிரியராகவும் உள்ளனர். தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்ற தலைமுறை அது. வரிசையில் மெலிந்தவர் பின்தள்ளப்படும்போது ஏற்படும் வேதனை அவர்களுக்குப் புதிதன்று.

போர் விட்டுச் சென்ற வடுக்கள் சிலவேளை பிள்ளைகளின் வாயிற் பட்டப்பெயராக மாறிவிடுகின்றன. பொய்க்கால் பொருத்திய தந்தையின் நடையைப் பழித்துக் காட்டி மகனைச் சீண்டுதல், தகப்பன் இல்லாத பிள்ளையை அதைச் சொல்லியே அழவைத்தல், தேய்ந்த செருப்பையும் பழைய புத்தகப் பையையும் காட்டிச் சிரித்தல் என்பன சாதாரண பகிடி அல்ல. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறின. காடு வெட்டிக் கழனியாக்கிய அம்மக்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் ‘தோட்டக்காடு’ என்ற சொல்லால் ஏளனம் செய்தல் உண்டெனில், அச்சொல்லைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் பெரியவர் சொல்லக் கேட்டே கற்றது. சாதி சொல்லிப் பழித்தலும் அவ்வாறே.

ஆகவே பிள்ளைக்குக் கற்பிக்கும் பாடம் பெரியவருக்கும் பாடமாகிறது. ஆரம்பப் பாடசாலை வகுப்பிலும் ஆலய அறநெறிப் பாடசாலையிலும் மூன்று பாடங்களாக இதனைக் கற்பிக்கலாம்.

முதற் பாடம்: இனங்காணல்

சிறு பிள்ளைக்கு வரைவிலக்கணம் விளங்காது. கேள்விகள் விளங்கும். ஆசிரியர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, சிறு நிகழ்ச்சிகளைக் கதையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் கேட்கலாம். இருவரும் சிரித்தார்களா, ஒருவர் மட்டும் சிரித்தாரா? “வேண்டாம்” என்று சொன்ன பிறகும் தொடர்ந்ததா? இது முதல் தடவையா, பல தடவையா? வருந்திய பிள்ளையால் தனித்து அதை நிறுத்த முடியுமா?

தம்பியும் அண்ணனும் மல்லுக்கட்டி விளையாடி இருவரும் சிரித்தால் விளையாட்டு. ஓடும்போது தெரியாமல் இடித்து “மன்னிச்சுக்கொள்” என்றால் தவறுதல். கொப்பியை ஒளித்து, பிள்ளை அழ அழ ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எறிந்து, அடுத்த நாளும் அதையே செய்தால் சண்டித்தனம். ‘விளையாட்டு’, ‘தவறுதல்’, ‘சண்டித்தனம்’ என்று மூன்று அட்டைகளை எழுதி வைத்து, கதை முடிந்ததும் உரிய அட்டையைப் பிள்ளைகளைத் தூக்கச் சொல்லலாம். பிள்ளைகளிடையே கருத்து வேறுபட்டால் மிகவும் நல்லது. ஏன் என்று அவர்களே வாதாடுவதிற்றான் பாடம் பதிகிறது. வகுப்பிலுள்ள பிள்ளையின் பெயரையோ உண்மையில் நடந்ததையோ இக்கதைகளிற் சேர்த்தல் ஆகாது. ஏற்கனவே வருந்தும் பிள்ளையைச் சபையில் நிறுத்தியது போலாகிவிடும்.

இப்பாடத்தின் பயன் ஒன்றுண்டு. வருந்தும் பிள்ளை பெரும்பாலும் ‘என்னிலேதான் ஏதோ பிழை’ என்று எண்ணிக்கொள்கிறது. நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அது செய்பவரின் பிழை, தனது பிழையன்று என்று அறிந்த கணமே அதன் மனப்பாரத்தில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது.

இரண்டாம் பாடம்: சொல்லுதல்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலைக் காணாத வன்னிப் பிள்ளைகள் சிலரே. கடல்நீரில் விளக்கெரியும் அச்சந்நிதியின் தெய்வம் யார் என்று கேட்டால், தனக்கு நேர்ந்த அநீதியை அரசன் முன் சென்று வாய்திறந்து சொன்னவள் என்பதே முதல் விடை. ஒரு காற்சிலம்பைக் கையில் ஏந்தி, வாயிலோனையும் தாண்டி, அரசவையில் நின்று பேசினாள். அநீதியைச் சொல்லுதல் கோழைத்தனம் அன்று என்பதற்கு இதனினும் கண்கண்ட சான்று வேண்டுவதில்லை.

எனினும் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம் உண்டு. “ரீச்சரிட்டச் சொன்னால் கோள்சொல்லி எண்டு சொல்லுவினம்” என்பதே அது. கோள் சொல்லுதலுக்கும் உதவி கேட்டலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் கற்பிக்க வேண்டும். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள். ஒருவரை, அது தானாக இருந்தாலும், துன்பத்திலிருந்து மீட்பதற்காகச் சொல்வது உதவி கேட்டல். “இதைச் சொன்னால் யாருடைய நோவு குறையும்?” என்று பிள்ளை தன்னைத்தானே கேட்கப் பழகினால் வேறுபாடு விளங்கிவிடும்.

செய்ய வேண்டியதை நான்கு படிகளாக நடித்தே பழக்கலாம். முதலாவது, நிமிர்ந்து நின்று, முகத்தைப் பார்த்து, உரத்த குரலில் “நிப்பாட்டு, எனக்கு இது பிடிக்கேல்லை” என்று சொல்லுதல். இரண்டாவது, வாதாடாமலும் திருப்பி ஏசாமலும் ஆட்கள் உள்ள இடத்துக்கு நடந்து செல்லுதல். மூன்றாவது, அன்றைய தினமே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுதல். நான்காவது, அவர் கேட்கவில்லையெனில் அடுத்தவரிடம் சொல்லுதல். எதிரில் நிற்பவர் மிகவும் பலசாலியாகவோ கூட்டமாகவோ இருந்தால் முதற்படியை விட்டுவிட்டு விலகிச் செல்வதே புத்தி என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதற்குப் பிள்ளையின் கைவிரல்கள் ஐந்தும் போதும். கொப்பியில் தன் கையை வைத்துக் கோடிழுத்து, ஒவ்வொரு விரலிலும் தான் நம்பும் பெரியவர் ஒருவரின் பெயரை எழுதச் சொல்லலாம். அம்மா, அம்மம்மா, வகுப்பு ரீச்சர், அறநெறி ஆசிரியர், பெரியண்ணா என்று அப்பட்டியல் அமையும். ஐந்து விரலையும் நிரப்ப முடியாத பிள்ளை ஒன்று இருந்தால், அப்பிள்ளையின் அருகில் முதலில் அமர வேண்டியவர் அந்த ஆசிரியரே.

மூன்றாம் பாடம்: துணை நிற்றல்

சண்டித்தனத்தில் செய்பவர், வருந்துபவர் என்று இருவர் மட்டும் இல்லை. சுற்றி நின்று பார்ப்பவர் கூட்டமே மிகப் பெரிது. கனடாவில் பாடசாலை விளையாட்டிடங்களை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 2001 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று சிந்திக்கத்தக்கது. சண்டித்தனம் நடந்த தடவைகளில் 88 வீதமானவற்றில் வேறு பிள்ளைகள் அருகில் இருந்தனர். ஆனால் 19 வீதமானவற்றிலேயே யாரேனும் ஒரு பிள்ளை தலையிட்டது. அவ்வாறு தலையிட்டவற்றுள் 57 வீதமானவை 10 செக்கனுக்குள் நின்றுவிட்டன. பார்த்து நிற்பவரின் ஒரு சொல்லுக்கு அத்தனை பலம் உண்டு. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ என்னும் பாடசாலைத் திட்டமும் பார்த்து நிற்கும் பிள்ளைகளைத் துணை நிற்பவராக மாற்றுவதையே அடிப்படையாகக் கொண்டது.

பாரதக் கதை தெரிந்த பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது எளிது. துரியோதனன் சபையில் திரௌபதி அவமானப்பட்டபோது வீடுமரும் துரோணரும் வாய்மூடி இருந்தனர். துரியோதனனின் தம்பியருள் ஒருவனான விகர்ணன் எழுந்து ‘இது முறையன்று’ என்றான். கர்ணன் அவனை அதட்டி அடக்கினான். அன்று விகர்ணனோடு இன்னும் நால்வர் எழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வகுப்பிற் கேட்டுப் பார்க்கலாம். “சபையே அவன்ர பக்கம் மாறியிருக்கும்” என்ற விடை பிள்ளைகளிடமிருந்தே வரும்.

துணை நிற்றல் என்றால் பாய்ந்து சென்று அடிபடுதல் அன்று. சிரிக்காமல் இருத்தல், வருந்தும் பிள்ளையின் பக்கத்திற் போய் நிற்றல், “வா, விளையாடப் போவம்” என்று கைபிடித்து அழைத்துச் செல்லுதல், ஓடிப்போய் ஆசிரியரை அழைத்து வருதல், பின்னர் “நீ ஒரு பிழையும் செய்யேல்லை” என்று ஆறுதல் சொல்லுதல் ஆகிய ஐந்தும் எந்தப் பிள்ளையாலும் ஆகக்கூடியவை.

ஒதுக்கப்பட்டவரை அழைத்து இடம் கொடுத்தல் சைவத்துக்குப் புதிதன்று. சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார் இல்லத்தில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் தங்கியபோது, தம்மோடு வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இடம் கொடுக்குமாறு கேட்டார். பாணர் குலத்தவரை வீட்டினுள் அனுமதியாத காலம் அது. நீலநக்கரோ வேள்வி வேதிகையின் அருகிலேயே இடம் கொடுத்தார். வேள்வித்தீ வலஞ்சுழித்து எழுந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. இடம் கேட்ட சம்பந்தர் ஒரு பாலகர் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டலாம்.

சண்டித்தனம் செய்யும் பிள்ளை

சண்டித்தனம் செய்யும் பிள்ளையும் ஒரு பிள்ளையே. வீட்டில் அடிவாங்குவதாலோ, படிப்பிற் பின்தங்கிய வெட்கத்தாலோ, கவனிப்பாரற்ற ஏக்கத்தாலோ, தானும் முன்னர் இவ்வாறு வருந்தியதாலோ அது அவ்வழியிற் சென்றிருக்கக் கூடும். “இவன் சண்டியன்” என்று ஊரே பெயரிட்டால் அப்பெயருக்கேற்பவே வளர்ந்துவிடுகிறான். செயலைக் கண்டிக்க வேண்டும். பிள்ளைக்கு முத்திரை குத்தலாகாது. தனியே அழைத்து, நடந்ததைக் கேட்டு, பறித்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் செய்த தவறுக்கு ஈடாக ஒரு நன்மை செய்யவும் வழிகாட்ட வேண்டும். அவனது பலத்துக்கும் நல்ல வேலை உண்டு. அறநெறிப் பாடசாலையில் பாய் விரிக்கவும், சின்னப் பிள்ளைகளை வரிசையில் அழைத்துச் செல்லவும் பொறுப்புக் கொடுத்துப் பார்க்கலாம்.

அடியை அடியால் திருத்த முடியாது. பெரியவர் பிரம்பெடுத்தால், ‘வலியவர் மெலியவரை அடிக்கலாம்’ என்ற அதே பாடத்தைத்தான் பிள்ளை மீண்டும் கற்கிறது. பாடசாலைகளில் உடற்தண்டனையைத் தவிர்க்கக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டதும் இதனாலேயே நோக்கத்தக்கது.

பெரியோர் கடமை

பிள்ளை வாய்திறந்து சொல்லும்போது வீட்டில் வழக்கமாக எழும் வார்த்தைகள் இரண்டு. “நீ என்ன செய்தனி? சும்மா அடிப்பாங்களோ?” என்பது ஒன்று. “திருப்பிக் குடுக்கத் தெரியாதோ?” என்பது மற்றொன்று. முதல் வார்த்தை பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது, முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி மேலும் வெட்கப்பட வைக்கிறது. இவ்விரண்டையும் கேட்ட பிள்ளை மூன்றாம் முறை சொல்லாது. “சொன்னது நல்லது. இது உன்ர பிழை இல்லை. ரண்டு பேருமாச் சேர்ந்து என்ன செய்யலாம் எண்டு பாப்பம்” என்ற மூன்று வசனங்களே போதும்.

அடுத்து, மற்றப் பிள்ளையின் வீட்டு வாசலுக்குச் சண்டைக்குப் போதல் ஆகாது. பிள்ளைகள் சமாதானமான பின்னரும் வேலிச்சண்டையாக அது நிலைத்துவிடும். என்ன, எங்கே, எப்போது நடந்தது என்று ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்திக்க வேண்டும். அங்கு தீராவிடின் அதிபர், வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று படிப்படியாக நாடலாம். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கத்துக்குப் பிள்ளையே நேரடியாகவும் பேசலாம். சிறுவரை எல்லா வகை வன்முறையிலிருந்தும் காக்க வேண்டும் என்னும் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே முறையிடுதல் தயவு கேட்டல் அன்று, பிள்ளையின் உரிமை.

முறைப்பாட்டைக் கேட்பவருக்குக் கண்ணகி கதையின் மற்றப் பாதி பாடமாகும். பாண்டியன் கொடியவன் அல்லன். ஒருவன் சொன்னதை நம்பி, தீர விசாரியாமல் தண்டித்தமையே அவன் செய்த பிழை. ‘எந்த நேரமும் முறைப்பாடு’ என்று எரிந்து விழுந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரும், இரு பக்கமும் கேளாமல் இருவருக்கும் பிரம்படி கொடுப்பவரும் அந்தப் பிழையையே செய்கின்றனர்.

நோர்வேயில் 1982 ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னரே அந்நாடு விழித்தது. சக மாணவரின் சண்டித்தனமே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. 1983 இல் நாடு முழுவதும் சண்டித்தன எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. பேர்கன் நகரில் 42 பாடசாலைகளில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஓல்வெயஸ் தமது திட்டத்தைச் செயற்படுத்தியபோது இரண்டு ஆண்டுகளில் சண்டித்தனம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தெளிவான வகுப்பு விதிகள், இடைவேளையில் ஆசிரியரின் கண்காணிப்பு, வகுப்புக் கலந்துரையாடல், பெற்றோருடன் பேச்சு ஆகியவையே அதன் அடிப்படை. இவற்றுள் பெரும் பணம் வேண்டியது எதுவுமில்லை. வன்னியின் எந்தக் கிராமத்துப் பாடசாலையிலும் செய்யத்தக்கவையே.

அம்பாள் சந்நிதியில் தேங்காய் உடைத்து, பிள்ளையின் நெற்றியில் திருநீறு இட்டு, “பயப்படாதை, அம்மாள் இருக்கிறா” என்று சொல்லி அனுப்புவது இவ்வூர்களின் வழக்கம். அந்த வார்த்தை மெய்யாக வேண்டுமெனில், பயந்த பிள்ளை திரும்பிப் பார்க்கும் இடத்தில் ஒரு மனித முகமும் இருத்தல் வேண்டும். இன்றிரவு திருவிழா முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயும் தந்தையும் பிள்ளையை அருகில் அழைத்து, “இண்டைக்கு ஆரோட விளையாடினனி? இடைவேளைக்கு ஆர் பக்கத்தில இருந்தது?” என்று கேட்டு, விடை முடியும்வரை பொறுத்திருந்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.

பாலர் யாவரும் அச்சமின்றிக் கற்றுக் கல்வியும் பண்பும் பெற்றுச் சிறக்க எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் பாலிப்பதாக.